பகலில் வயலின், இரவில் கன்னக்கோல்

போன இதழில் ஒரு வாசகர், "திருடன் என்றாலே இருட்டுச் சந்தில் பதுங்குபவன்தானா, நம்மைப் போல புறநகரில் ஒழுங்காக வாடகை கொடுத்துக்கொண்டு மரியாதையாக வாழ்ந்தவன் எவனாவது உண்டா?" என்று கேட்டிருந்தார். லண்டனில் பெக்கம் என்ற பகுதியில் தாம்ப்சன் என்ற பெயரில் குடியிருந்த சார்லஸ் பீஸ் என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த இரண்டு வரி யாருக்கும் போதவில்லை போலிருக்கிறது, வந்த கடிதங்களில் பாதி அவனைப் பற்றியே. சரி, இந்த இதழை அவனுக்கே ஒதுக்கிவிடுவோம். வேறு கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வாசகர், திருச்சி: யார் சார் இந்த சார்லஸ் பீஸ்? பேர் மட்டும் சொல்லிவிட்டுப் போனால் எப்படி?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் 1832 மே 14 அன்று பிறந்தவன். அப்பா ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போகும் மிருகக் காட்சியில் காட்டு விலங்குகளைப் பழக்கியவர், அப்புறம் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். பையனைச் சின்ன வயதிலேயே எஃகு ஆலையில் வேலைக்கு விட்டார்கள். 14 வயதில் பழுக்கக் காய்ச்சிய எஃகு அவன் காலில் முழங்காலுக்குக் கீழே பாய்ந்தது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவன் கடைசிவரை நொண்டியபடிதான் நடந்தான். இடது கையில் விரலும் குறைவு. குள்ளம், ஒல்லி, நரைத்த தலை, நாக்கு வாய்க்குப் பெரிதாகிவிட்ட மாதிரி ஒரு பேச்சு. இந்தக் கடைசி வர்ணனை என் சரக்கு இல்லை, பிற்பாடு போலீஸ் அவனைத் தேடி வெளியிட்ட அறிவிப்பில் உள்ளது. அதே அறிவிப்பில் 'பெரிய பீற்றல்காரன்' என்றும் சேர்த்திருந்தார்கள், பாவம், எந்தப் போலீஸ்காரருக்கு என்ன அனுபவமோ.

படங்களுக்குச் சட்டம் போடுவான், கடிகாரம் பழுது பார்ப்பான். ஆனால் உண்மையான தொழில் கன்னம் வைப்பது. 1854, 1859, 1866 என்று மூன்று தடவை மாட்டி, ஒவ்வொரு தடவையும் வருஷக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டு 1872இல் வெளியே வந்தான். நடுவில் 1859இல் ஹானா என்ற விதவையைக் கல்யாணம் செய்துகொண்டான், அவளுக்கு முதல் கணவர் மூலம் வில்லி என்று ஒரு மகன். 1876இல் இரண்டு கொலை. அதன்பின் தலைமறைவு, பெக்கம் வாசம், 1878 அக்டோபரில் கைது, 1879 பிப்ரவரியில் தூக்கு. எலும்புக்கூடு இவ்வளவுதான், சதையெல்லாம் கீழே மற்றவர்கள் கேட்ட கேள்விகளில் வருகிறது.

வாசகி, குரோம்பேட்டை: அக்கம்பக்கத்தாருக்குச் சந்தேகமே வரவில்லையா? எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு எந்தக் கூரியர் வந்தது என்பதுகூட நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும்!

உங்கள் தெருவுக்குக் கூரியர் வந்தது தெரியும் அம்மா, அதை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்று தெரியுமா? பெக்கம் தெருவும் அப்படித்தான் இருந்தது.

எவலீனா சாலையில் அவன் பிடித்திருந்த வீட்டுக்குள் கொஞ்சம் போய்ப் பாருங்கள். கூடத்தில் வால்நட் மரத்தில் செய்த நாற்காலி சோபா வரிசை, அதன் விலையே 50, 60 கினி (அன்றைய ஆங்கிலேயர் விலை சொல்லும் பண அளவு). தரையில் துருக்கிக் கம்பளம். சுவரில் பொன் முலாம் பூசிய கண்ணாடிகள். ஒரு பக்கம் அடக்கமான ஒரு பியானோ, பக்கத்தில் வேலைப்பாடு செய்த ஸ்பானிய கிட்டார் ஒன்று. அது யாரோ ஒரு பிரபு வீட்டு அம்மாளுடையது என்று பேச்சு. வீட்டுக்காரர் வெளியே போய்விட்டுத் திரும்பினால் காலில் மாட்டிக்கொள்ள, மணி கோத்துப் பின்னிய செருப்பு ஒரு ஜோடி தயாராக இருக்கும். நாய், பூனை, முயல், கினிப்பன்றி, கிளி, கானரிக் குருவி என்று வீடு நிறைய ஜீவராசிகள். வாசலில் மட்டக்குதிரை வண்டி. சில நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் கச்சேரி, தாம்ப்சன் வயலின் வாசிப்பார், வீட்டம்மாள் பாடுவார். ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்பத்தோடு சர்ச். இப்படிப்பட்டவரிடம் போய் "சார், உங்களுக்கு வருமானம் எதிலிருந்து?" என்று யார் கேட்பார்கள்? சொத்து வருமானத்தில் வாழும் கனவான், விஞ்ஞானத்தில் ஆர்வம் உள்ளவர் என்று அவனே சொல்லிவைத்திருந்தான், ஊரும் நம்பியது.

விஞ்ஞானம் என்பது சும்மா சொன்னதும் இல்லை, இதுதான் வேடிக்கை. அக்கம்பக்கத்தில் பழக்கமான பிரையன் என்பவரோடு சேர்ந்து, மூழ்கிய கப்பலுக்குள் காற்றையும் வாயுவையும் செலுத்தித் தண்ணீரை வெளியேற்றி மேலே தூக்கும் முறை ஒன்றுக்குக் காப்புரிமையே வாங்கினான். தலைமறைவுக் கொலைகாரன் அரசாங்க அலுவலகத்தில் போய்ப் பொய்ப் பெயரில் காப்புரிமை எழுதி வாங்குகிறான் என்றால் அந்த நெஞ்சழுத்தத்தை என்னவென்று சொல்வது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தெற்கு லண்டனின் அந்தப் பகுதியெல்லாம் ரயில் வந்தபின் தோட்டமும் வயலும் தெருக்களாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்திலிருந்த நன்ஹெட் ரயில் நிலையம் திறந்ததே 1871இல்தான். எல்லோருமே வந்து குடியேறியவர்கள். "நீங்க எந்த ஊர்?" என்று கேட்கப்போகிறவரும் நேற்று வந்தவர், அவருக்கும் தன் பூர்வீகத்தைச் சொல்ல ஆசை இல்லாமல் இருக்கலாம். கிராமத்தில் இவன் ஒரு மாதம் தாக்குப்பிடித்திருக்க மாட்டான் என்பது என் கணிப்பு.

இரவு பத்தரைக்கெல்லாம் வீடு அடங்கிவிடும். அதற்கு மேல்தான் இவன் வேலை தொடங்கும். பிளாக்ஹீத் பக்கம் பணக்கார வீடுகளில் ஒன்று மாற்றி ஒன்று திருட்டுப் போய்க்கொண்டிருந்தது, பெக்கம்காரர்கள் அதைப் பத்திரிகையில் படித்துவிட்டு மறுநாள் தாம்ப்சனிடமே கவலைப்பட்டுப் பேசியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

வாசகர், தஞ்சாவூர்: நிஜமாகவே நன்றாக வயலின் வாசிப்பானா, இல்லை அதுவும் வேஷமா?

வாசிப்பான். காலில் அடிபட்ட பிறகு தானே கற்றுக்கொண்டு, ஒற்றைத் தந்தி வயலினில் வாசித்துக்காட்டி, புகழ்பெற்ற இத்தாலிய வயலின் மேதை பகானினியின் பெயரில் 'நவீன பகானினி' என்ற விளம்பரத்தோடு மேடையே ஏறியிருக்கிறான். தஞ்சாவூர்க்காரர் காதுக்குப் பிடித்திருக்குமா என்பது வேறு விஷயம்.

வாசகி, மதுரை: 'வீட்டம்மாள் பாடுவார்' என்று யாரிடமோ படித்தேன். மனைவி ஹானாவா பாடியது? இல்லை என்கிறார் என் கணவர். வீட்டில் பந்தயம்!

உங்கள் கணவர் ஜெயித்தார். பாடியது ஹானா இல்லை, சூசன். கொலைக்குப் பிறகு தலைமறைவாகச் சுற்றியபோது 1877இல் நாட்டிங்காமில் பழக்கமானவள். பெக்கத்தில் ஊரறிய 'திருமதி தாம்ப்சன்' அவள்தான். தாலி கட்டிய மனைவி என்று நாம் சொல்வோமே, அந்த ஹானா 'திருமதி வார்ட்' என்ற பழைய பெயரில், மகன் வில்லியோடு அதே வீட்டின் நிலவறைத் தளத்தில் இருந்தாள், சமையலும் வீட்டு வேலையும் அவள் பாடு. நம் ஊரில் சின்னவீடு என்றால் வேறு தெருவிலாவது இருக்கும். இங்கே சின்னவீடு மாடியில், பெரியவீடு கீழே அடுப்படியில், ஒரே கூரை.

இதை அவன் 'சமாளித்தான்' என்று பலரும் எழுதுகிறார்கள், எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. சமாளித்தது அந்த இரண்டு பெண்களும்தான். சூசனுக்குக் குடிப்பழக்கம் உண்டு. போதையில் தெருவில் யாரிடமாவது உளறிவிட்டால் எல்லோர் கழுத்துக்கும் கயிறு, ஆகவே அவள் வெளியே போனால் ஹானா பின்னாலேயே போய்க் கண்காணிக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், தன் இடத்தைப் பிடித்துக்கொண்டவள் வாய் தவறிவிடாமல் காவல் காப்பது மனைவியின் வேலை, வீட்டுக்கு வரும் திருட்டுச் சாமான்களை ஒளித்துவைப்பதும் அவள் வேலை. வீட்டில் சண்டைக்கும் அடிதடிக்கும் குறைவில்லை. கூடத்தில் கச்சேரி நடக்கும்போது கீழே இருந்தவள் என்ன நினைத்திருப்பாள் என்று யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை.

இரட்டை வாழ்க்கை என்று திருடனுக்குத்தான் பட்டம். வீட்டிலிருந்த நாலு பேருமே இரட்டை வாழ்க்கைதான் வாழ்ந்தார்கள், அதில் அவனுக்கு மட்டும்தான் அது பிடித்திருந்தது.

வாசகர், நாகர்கோவில்: திருடன் சரி, கொலைகாரன் ஆனது எப்படி? பக்கத்து வீட்டுத் தகராறு என்று கேள்விப்பட்டேன்.

தகராறேதான். இந்தக் கதையில் நம் எல்லோருக்கும் பழக்கமான பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1875இல் பீஸ் குடும்பம் ஷெஃபீல்டை ஒட்டிய டார்னல் என்ற இடத்தில் குடிவந்தது. ஒரு வீடு தள்ளி ஆர்தர் டைசன் என்ற ரயில்வே பொறியாளர், அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், ஆறடிக்கு மேல் நல்ல உயரம். மனைவி கேத்தரின், அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் அவரை மணந்தவர். படத்துக்குச் சட்டம் போட்டுத் தருகிறேன் என்று உள்ளே நுழைந்தான் பீஸ். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. சந்தைக்குப் போனார்கள், சேர்ந்து போட்டோகூட எடுத்துக்கொண்டார்கள். எவ்வளவு தூரம் பழக்கம் என்பதில் பின்னால் நீதிமன்றத்தில் இருதரப்பும் அடித்துக்கொண்டது. உறவு இருந்தது என்று அவன் பக்கம் சொன்னது, அப்படி எதுவும் இல்லை என்று கேத்தரின் உறுதியாக மறுத்தார். நான் நடுவில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் நிச்சயம், ஒரு கட்டத்தில் அவர் வேண்டாம் என்றபின் இவன் விடவில்லை.

வேளை கெட்ட வேளையில் வீட்டுக்குள் வருவது, ஜன்னல் வழியாகப் பார்ப்பது, போகும் இடமெல்லாம் பின்தொடர்வது. டைசன் சண்டை போடும் ரகம் இல்லை போலிருக்கிறது. 1876 ஜூனில் ஒரு அட்டையை எடுத்து, 'என் குடும்ப விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று சார்லஸ் பீஸைக் கேட்டுக்கொள்கிறேன்' என்ற கருத்தில் எழுதி, அவன் தோட்டத்துக்குள் வீசிவிட்டுப் போனார். கதவைத் தட்டிச் சட்டையைப் பிடிக்காமல் காகிதத்தில் எழுதிப் போடுவது, இன்றைக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்டுக்குள் ஒட்டும் நோட்டீஸ் மாதிரிதான். பலன் என்ன? ஜூலை 1ஆம் தேதி தெருவில் வைத்து டைசனின் காலை இடறிவிட்டான், அன்று மாலையே துப்பாக்கியைக் காட்டி, இருவர் மூளையையும் சிதறடிப்பேன் என்று தெருவிலேயே கேத்தரினை மிரட்டினான். வாரண்ட் வந்தது, ஹல் நகரத்துக்கு ஓடினான்.

டைசன் குடும்பம் இவன் தொல்லை பொறுக்காமல் ஊரின் மறுகோடியில் பேனர் கிராஸ் என்ற இடத்துக்கு வீடு மாறியது. அக்டோபர் 29, சாமான் இறங்கிய அன்றே, புது வீட்டுக்குள்ளிருந்து வெளியே வருகிறான் பீஸ். நீங்கள் எங்கே போனாலும் தொல்லை கொடுக்க நான் இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனான். சரியாக ஒரு மாதம், நவம்பர் 29 இரவு எட்டு மணி வாக்கில் கேத்தரின் விளக்கோடு கொல்லைப்புறக் கழிவறைக்குப் போகிறார், இருட்டில் இவன் நிற்கிறான். அலறல் கேட்டு ஓடிவந்த டைசன் நெற்றிப்பொட்டில் குண்டு பாய்ந்து செத்தார்.

பீஸ் எத்தனையோ வீடுகளில் கன்னம் வைத்தவன், ஆனால் அவனைத் தூக்குமேடைக்கு அனுப்பியது திருட்டு இல்லை. ஒரு வீடு தள்ளி இருந்தவர்களோடு வளர்த்த பகைதான். தலைக்கு 100 பவுண்டு பரிசு அறிவித்தார்கள்.

ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், விழுப்புரம்: நொண்டும் கால், குறைந்த விரல், வினோதமான பேச்சு. இத்தனை அடையாளம் கொடுத்தும் இரண்டு வருஷம் பிடிக்க முடியவில்லை என்றால் போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது?

கேள்வியில் துறைப் பாசம் கலந்த கோபம் தெரிகிறது ஐயா. அவர்களுக்காகக் கொஞ்சம் வாதாடுகிறேன்.

விரல் குறைவை மறைக்க ரப்பர் மாதிரியான பிசின் குழாயில் ஒரு பொய்க்கை செய்து, நுனியில் கொக்கி மாட்டி, கையையே இழந்தவன் போலச் சுற்றினான். போலீஸ் தேடியது விரல் இல்லாதவனை, இவனோ கையே இல்லாதவன். தாடியை மழித்தான், வால்நட் சாற்றைப் பூசி முகத்தைக் கறுப்பாக்கினான், கண்ணாடி போட்டான். தாடையை முன்னே தள்ளி முகத்தையே கோணலாக்கும் வித்தை வேறு தெரியும், சொந்தக்காரர்களுக்கே அடையாளம் தெரியாது என்று பீற்றிக்கொள்வான். கைரேகை அப்போது கிடையாது. உலகத்தின் முதல் கைரேகைப் பிரிவே 1897இல் நம் கல்கத்தாவில்தான் தொடங்கியது, லண்டனுக்கு அது 1901இல்தான் போனது.

லண்டன் துப்பறியும் பிரிவின் கதையோ கந்தல். 1877இல் ஸ்காட்லாந்து யார்டின் மூத்த துப்பறியும் அதிகாரிகளே மோசடிக் கும்பலிடம் காசு வாங்கியதற்காகச் சிறைக்குப் போனார்கள். மறுவருஷம் பிரிவையே கலைத்து சிஐடி என்று புதிதாக ஆரம்பித்தார்கள். தாம்ப்சன் பெக்கத்தில் வயலின் வாசித்ததும் இதே சமயத்தில்தான்.

ஆனால் உங்களுக்குப் பிடிக்கும் செய்தி ஒன்று உண்டு. அவனைப் பிடித்தது எந்தப் பெரிய துப்பறிவாளரும் இல்லை, ரோந்து போன ராபின்சன் என்ற சாதாரண கான்ஸ்டபிள். 1878 அக்டோபர் 10 அதிகாலை இரண்டு மணி, பிளாக்ஹீத்தில் ஒரு வீட்டுப் பின்னறையில் விளக்கு நகர்வதைப் பார்த்துவிட்டு, சக காவலர்களை முன்வாசலுக்கு அனுப்பிவிட்டுத் தோட்டத்தில் நின்றார். மணியை அடித்ததும் பின்பக்கமாகக் குதித்தவன் நெருங்கினால் சுடுவேன் என்றான், சுட்டும்விட்டான். நாலு குண்டு தப்பியது, ஐந்தாவது கையைத் துளைத்தது. ரத்தம் கொட்டக் கொட்டப் பிடியை விடவில்லை ராபின்சன், அவன் கைத்துப்பாக்கியாலேயே அவன் தலையில் போட்டுக் கீழே தள்ளி உட்கார்ந்துவிட்டார். நீங்கள் சர்வீசில் இருந்தபோது இப்படி ஒருவரையாவது பார்த்திருப்பீர்கள்.

வாசகர், திருநெல்வேலி: பிடிபட்டதும் 'நான்தான் பீஸ்' என்று ஒப்புக்கொண்டானா?

ஒப்புக்கொள்வானா! ஜான் வார்ட் என்று பெயர் சொன்னான். பார்த்தால் அறுபது வயது, கலப்பினக்காரன் என்று பத்திரிகைகள் எழுதின, எல்லாம் வால்நட் சாற்றின் மகிமை. போலீஸைக் கொல்ல முயன்ற வழக்கு நவம்பரில் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் வந்தது. துப்பாக்கி தொட்டாலே வெடிக்கிற ரகம், யாரையும் காயப்படுத்த நினைக்கவில்லை என்று அழுது புலம்பினான். ஆயுள் தண்டனை. ஜான் வார்ட் என்ற யாரோ ஒரு முன்பின் தெரியாத திருடனாகவே உள்ளே போய் மறைந்திருக்கலாம், டைசன் கொலை தீர்க்கப்படாத வழக்காகக் கிடந்திருக்கும்.

கெடுத்தது அவனேதான். சிறையிலிருந்து கப்பல் கூட்டாளி பிரையனுக்குக் கடிதம் எழுதினான், ஜான் வார்ட் என்ற பெயரில். யாரடா இந்த வார்ட் என்று குழம்பிப் போய்ப் பார்த்தவர் முன்னால் நிற்கிறார் மதிப்புக்குரிய மிஸ்டர் தாம்ப்சன். அங்கிருந்து நூல் பிடித்து போலீஸ் பெக்கம் வீட்டுக்கு வந்தது. ஹானா அதற்குள் கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு ஷெஃபீல்டு பக்கம் போய்விட்டாள். மீதி இருந்தவள் சூசன். தாம்ப்சனும் இல்லை, வார்டும் இல்லை, அவன் பேனர் கிராஸ் பீஸ் என்று சொல்லிவிட்டாள், அந்த 100 பவுண்டையும் கேட்டாள்.

துரோகி என்று அவளைத் திட்டி நிறைய எழுதியிருக்கிறார்கள். என்னால் திட்ட முடியவில்லை. கொலைகாரன் என்று தெரிந்து, அடியும் வாங்கிக்கொண்டு, இன்னொருத்தியின் காவலில் இருந்தவள், அவன் ஆயுளுக்கும் உள்ளே போன பிறகு வாயைத் திறந்தாள். எத்தனை நாள்தான் பாடிக்கொண்டிருப்பாள்?

சட்டக் கல்லூரி மாணவி, கோவை: திருட்டுச் சாமான்களை வைத்திருந்த மனைவி ஹானாவுக்கு என்ன தண்டனை? நம் சட்டத்தில் என்றால் என்ன ஆகியிருக்கும்?

விடுதலை. திருட்டுச் சொத்தை வைத்திருந்ததாக 1879 ஜனவரியில் வழக்கு நடந்தது. கணவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் செய்தாள் என்று விட்டுவிட்டார்கள். மனைவி கணவன் முன்னிலையில் ஒரு குற்றம் செய்தால் அவனுடைய வற்புறுத்தலில்தான் செய்திருப்பாள் என்று அப்போதைய ஆங்கிலச் சட்டம் எடுத்த எடுப்பிலேயே ஊகித்துக்கொள்ளும். கொலைக்கும் ராஜத் துரோகத்துக்கும் மட்டும் அது செல்லாது. பெண்ணுக்குச் சொந்த புத்தி இல்லை என்ற எண்ணத்தில் பிறந்த விதி, ஆனால் ஹானாவைக் காப்பாற்றியது அதுதான். அந்த ஊகத்தை 1925இல் ஒழித்தார்கள், வற்புறுத்தலை நிரூபித்தால் தப்பலாம் என்று பாக்கி வைத்திருந்ததையும் 2014இல் எடுத்துவிட்டார்கள். சூசனுக்கு இந்தச் சலுகையெல்லாம் கிடைத்திருக்காது, அவள் சட்டப்படி மனைவி இல்லையே.

நம் ஊரில் கதை வேறு. குற்றவாளியான கணவனுக்கு மனைவி அடைக்கலம் கொடுத்தால் குற்றமில்லை என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 212ஆம் பிரிவு விலக்குக் கொடுத்தது, பாரதிய நியாய சம்ஹிதாவில் 249ஆம் பிரிவில் அதே விலக்கு கணவன் மனைவி இருவருக்கும் தொடர்கிறது. ஆனால் திருட்டுச் சொத்து என்று தெரிந்தே வாங்கி வைத்திருப்பது தனிக் குற்றம், பழைய 411, இப்போது 317. அதில் மனைவி என்ற விலக்கு கிடையாது. புருஷனை ஒளித்துவைக்கலாம், அவன் கொண்டுவந்த சங்கிலியை ஒளித்துவைக்கக் கூடாது. தேர்வில் இதை இப்படியே எழுதிவிடாதீர்கள், பேராசிரியர் என்னைத் தேடி வருவார்.

வாசகர், சேலம்: ஒரு கொலைகாரனைப் பற்றி இவ்வளவு சுவாரசியமாக எழுதி அவனை ஹீரோ ஆக்குவது சரியா? (காரமாகவே கேட்கிறேன்.)

காரமாகக் கேட்டதில் தப்பில்லை. வில்லியம் ஹாப்ரன் என்ற பையனைப் பற்றிச் சொல்கிறேன், பிறகு ஹீரோவா என்று நீங்களே சொல்லுங்கள்.

டைசன் கொலைக்குச் சில மாதம் முன்னால், 1876 ஆகஸ்ட் தொடக்கத்தில், மான்செஸ்டர் பக்கம் வாலி ரேஞ்ச் என்ற பகுதியில் திருடப்போன பீஸ், மறித்த நிக்கோலஸ் காக் என்ற இளம் கான்ஸ்டபிளைச் சுட்டுக் கொன்றான். பழி விழுந்தது அங்கே ஒரு நாற்றுப்பண்ணையில் கூலி வேலை பார்த்த ஹாப்ரன் சகோதரர்கள் மேல். குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததாக அவர்கள் மேல் காக் வழக்குப் போட்டிருந்தார், இவர்களும் பதிலுக்கு வாய்விட்டு மிரட்டியிருந்தார்கள். போதாதா? 18 வயது வில்லியத்துக்கு நவம்பர் 28 அன்று தூக்குத் தண்டனை. தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தான் பீஸ், இதை அவனே பிற்பாடு சொன்னான். தான் செய்த கொலைக்கு ஒரு பையன் தூக்குக்குப் போவதைப் பார்த்துவிட்டு ஷெஃபீல்டுக்குப் போய் மறுநாள் டைசனைச் சுட்டான்.

வயதைப் பார்த்துத் தூக்கை ஆயுளாக மாற்றினார்கள், இல்லாவிட்டால் அந்தப் பையன் கதை அந்த டிசம்பரிலேயே முடிந்திருக்கும். பீஸ் பெக்கத்தில் கிட்டாரும் கிளியுமாக வாழ்ந்த காலம் முழுக்க ஹாப்ரன் சிறையில் இருந்தான். தனக்கு மரண தண்டனை உறுதியாகி, இனி மறைக்க எதுவும் இல்லை என்ற நிலையில்தான் பீஸ் உண்மையைச் சொன்னான். மன்னிப்பும் 800 பவுண்டு நஷ்டஈடும் கொடுத்து அனுப்பினார்கள். செய்யாத குற்றத்துக்கு 'மன்னிப்பு'! குற்ற வழக்கில் மேல்முறையீடு செய்ய அங்கே ஒரு நீதிமன்றம் வந்தது 1907இல்தான், அதுவரை இதுதான் வழி.

வாசகி, காஞ்சிபுரம்: கடைசி நாட்களில் திருந்தினானா?

டைசன் கொலை வழக்குக்காக 1879 ஜனவரி 22 அன்று லண்டனிலிருந்து ஷெஃபீல்டுக்கு ரயிலில் கொண்டுபோனபோது ஓடும் ரயிலின் ஜன்னல் வழியாகக் குதித்தான். வார்டர் காலைப் பிடித்தார், செருப்பு மட்டும் கையில் வந்தது. தண்டவாளத்தின் ஓரம் மண்டை உடைந்து கிடந்தவனைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். பிப்ரவரி 4 அன்று லீட்ஸில் விசாரணை, ஒரே நாளில் முடிந்தது, ஜூரிகள் பதினைந்து நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. 25ஆம் தேதி ஆர்ம்லி சிறையில் தூக்கு. அன்று காலைச் சாப்பாட்டில் கொடுத்த பன்றி இறைச்சி சரியில்லை என்று குறை சொல்லிவிட்டுத்தான் போனான். தன் நினைவு அட்டைக்கான வாசகத்தையும் அவனே எழுதிவைத்திருந்தான், தான் செய்ததை ஒருபோதும் செய்ய நினைத்ததில்லை என்ற பொருளில்.

திருந்தினானா என்றால், எனக்குத் தெரிந்தவரை அழுதான், நிறைய ஜெபம் செய்தான். பழைய டார்னல் பாதிரியார் பார்க்க வந்தபோது, கொலைகளைப் பற்றிப் பேசும் முன்பே அவரிடம் ஒன்று கேட்டான். முன்பு உங்கள் பள்ளிக்கூடத்தில் கடிகாரம் திருட்டுப் போனதே, அதை நான்தான் எடுத்தேன் என்று சந்தேகப்பட்டீர்களா? ஆமாம் என்றார் பாதிரியார். உடைந்துபோய் அழுதானாம், அது மட்டும் சத்தியமாக நான் இல்லை என்று.

எனக்கென்னவோ அதை நம்பத் தோன்றுகிறது. காஞ்சிபுரத்தில் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ரேஷன் கார்டு, மாமியார், மின்கட்டணம் சம்பந்தமான கேள்விகளுக்கெல்லாம் அடுத்த இதழில்.